மிச்சம் ஆறு மணித்தியாலம்

சிறுபோக விதைப்புத் தொடங்கிய கிழமை எங்கள் கமக்காரர் அமைப்பின் பழைய கொம்பியூட்டர் நின்றுபோனது. மின் ஆளியைப் போட்டேன். விசிறி இரண்டு சுற்றுச் சுற்றியது, அவ்வளவுதான். கிளிநொச்சியில் திருத்துகிற கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் மூடியைக் கழற்றினார். உள்ளே பல்லி முட்டைகள் ஒட்டிக்கிடந்தன. "அக்கா, இதுக்கு இனிச் சாமான் வாறேல்ல. உள்ளுக்க இருக்கிறதை எடுத்துத் தாறன், புதுசு ஒண்டு பாருங்கோ," என்றார்.

உள்ளே இருந்தவற்றில் எனக்குத் தேவையானது ஒன்றே ஒன்று. தண்ணீர் முறைப் புரோகிராம். நான் எழுதியது.

இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வரும் ஒரு சிறிய வாய்க்காலில் எங்கள் பதினான்கு குடும்பங்களின் வயல்கள் இருக்கின்றன. எங்கள் காணி ஐந்தாவது. சிறுபோகத்தில் மழை இல்லை, குளத்து நீரும் குறைவு என்பதால் பயிர் வளர்ந்து ஒரு மாதம் தாண்டிய பிறகு கிழமைக்கு ஒரு முறை வைத்துத்தான் தருவார்கள். வாய்க்கால் கதவு செவ்வாய் காலை ஆறு மணிக்குத் திறக்கும், வியாழன் காலை ஆறு மணிக்குப் பூட்டும். அந்த நாற்பத்தெட்டு மணித்தியாலத்தைப் பதினான்கு பேரும் ஏக்கர்க் கணக்கில் பிரித்துக்கொள்ள வேண்டும். முன்னர் கையால் எழுதிய பட்டியல்தான். ஒரு வருடம் அந்தப் பட்டியலுக்காக இரண்டு பேர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வரம்பில் நின்றார்கள்.

யுத்தம் முடிந்து மீள்குடியேறி வந்த காலத்தில் வவுனியாவில் ஆறு மாதக் கொம்பியூட்டர் வகுப்பு ஒன்றுக்குப் போயிருந்தேன். அங்கேதான் பைதன் படித்தேன். கொம்பியூட்டருக்கு வேலை சொல்கிற மொழிகளில் அது ஒன்று. எங்களுக்குச் சொல்லித் தந்தது அதன் பழைய பதிப்பு. நிழற்பிரதி எடுத்த குறிப்புகளை வைத்துக்கொண்டு, பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் மனப்பாடம் செய்தேன். அந்தப் படிப்பிலிருந்து உருப்படியாக வந்தது இந்த ஒரு புரோகிராம்தான். அமைப்பின் செயலாளராக என்னைத் தெரிவு செய்ததும் அதனால்தான். பட்டியலை அச்சடித்து ஒட்டிய முதல் வருடத்திலிருந்து வாய்க்காலில் சண்டை இல்லை. "கொம்பியூட்டர் சொன்னது" என்றால் எவரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். பன்னிரண்டு வருடம் அப்படியே போனது. ஒவ்வொரு போகமும் திகதியை மட்டும் மாற்றி அச்சடிப்பேன். உள்ளே நான் என்ன எழுதினேன் என்று திறந்து பார்த்ததே இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் அமைப்புக்கு அனுப்பிய லப்டொப் வந்துசேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. கடைக்காரர் அதில் பைதனைப் போட்டுத் தந்தார். "பழைய பதிப்பே போடேலாதோ தம்பி?" என்று கேட்டேன். "பழசை இப்ப ஆரும் பாவிக்கிறேல்ல அக்கா. புதுசு இன்னும் சுகம்."

வீட்டுக்கு வந்து புரோகிராமைத் திறந்து ஓடவிட்டேன். முதல் வரியிலேயே சிவப்பு எழுத்தில் பிழை. நான் எழுதிய எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. பன்னிரண்டு வருடம் ஓடியது. அதே வரி இப்போது பிழையாம். குறிப்புக் கட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். குறிப்பின்படி எல்லாம் சரிதான். இரண்டு நாள் அப்படியே திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தேன். செவ்வாய்க்கிழமை முதல் முறை வரப்போகிறது. தலைவர் அண்ணை சைக்கிளில் வந்து வாசல் படலையடியில் நின்று, "பட்டியல் ஆயத்தமோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். "ஓம், நாளைக்கு," என்றேன்.

அடுத்த நாள் பின்னேரம் மச்சாள் வந்தா. என் தம்பியின் மனைவி. எங்களுக்கு இரண்டு வளவு தள்ளி வீடு. கடைசிப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு பகலில் வேலை இல்லை என்று சொல்லி, கிளிநொச்சி ரவுணில் நடக்கும் இலவசக் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போகத் தொடங்கி ஆறு கிழமை ஆகியிருந்தது. அதற்கு முதல் அவா கொம்பியூட்டரைத் தொட்டது கிடையாது. நான் குசினியில் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வரும்போது அவா லப்டொப்புக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா.

"மச்சாள், இதுக்கு அடைப்புக்குறி போடவேணும் என்ன? பிரிண்ட் எண்டு எழுதினா அங்கால அடைப்புக்குறி. முதல் நாளே சொல்லித் தந்தவை."

"எங்களுக்கு அப்பிடிச் சொல்லித் தரேல்ல."

"அது பழசாயிருக்கும்." மூன்று இடத்தில் போட்டுக் காட்டினா. நான் மிச்ச இடங்களுக்குப் போட்டேன். ஒவ்வொரு வரியிலும் என் விரல் பழையபடி இடைவெளியைத்தான் முதலில் அடித்தது, பிறகு அழித்தது. அவா அதைப் பார்த்துச் சிரித்தா. குத்தலான சிரிப்பு இல்லை. "எனக்கு ஒண்டும் தெரியாதபடியா சுகமா இருக்கு மச்சாள். சொல்லுறதை அப்பிடியே எழுதிறன். உங்களுக்கு முதல் தெரிஞ்சதை மறக்கவேண்டி இருக்கு," என்றா.

எனக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே புரோகிராம் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று பன்னிரண்டு வருடமாக இருந்துவிட்டேன். "மிச்சத்தை நான் பாக்கிறன், பிள்ளை வாற நேரம், நீங்கள் போங்கோ," என்று அனுப்பிவிட்டேன். அவா இருந்து முழுவதையும் வாசித்திருந்தால் அன்றைக்கே எல்லாம் தெரிந்திருக்கும். இதை நான் இப்போது சொல்கிறேன்.

அன்றைக்கு இரவுச் சமையலுக்கு முதல் புரோகிராம் ஓடியது. ஆனால் நேரங்கள் எல்லாம் தசமப் புள்ளி போட்டு நீளமாக வந்தன. முன்னர் முழு மணித்தியாலமாக வந்தவை. நான் அதைக் குறையாக நினைக்கவில்லை. புதுப் பதிப்பு நிமிடக் கணக்கிலும் பிரித்துத் தருகிறது என்று நினைத்தேன். புள்ளிகளை நிமிடமாக மாற்ற ஒரு வரி எழுதினேன். அது சரியாக வேலை செய்தபோது எனக்குப் பெரிய சந்தோசம். நானும் புதுசைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பட்டியலில் ஒவ்வொருவருக்கும் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் இருக்கும். நான் எப்போதும் சரிபார்ப்பது கடைசி வரியைத்தான்: வியாழன் காலை ஆறு மணிக்கு முடிகிறதா என்று. முடிந்தது. அச்சடித்து அமைப்புக் கட்டடச் சுவரில் ஒட்டினேன்.

எல்லாருக்கும் பிடித்திருந்தது. மூன்று ஏக்கர்க்காரருக்கு நாலு மணித்தியாலமும் ஏழு நிமிடமும். இரண்டு ஏக்கர்க்காரருக்கு இரண்டு மணித்தியாலமும் நாற்பத்துநாலு நிமிடமும். "இப்பதான் சரியான கணக்கு," என்று தலைவர் அண்ணை எல்லாருக்கும் முன்னால் சொன்னார்.

வாய்க்காலின் கடைசிக் காணி ஒரு அண்ணையுடையது. அவருடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்தில் இருந்து வன்னிக்கு வந்தவர்கள். அவர் இங்கேயே பிறந்தவர். இரண்டு ஏக்கர். பதின்மூன்றாவது காணிக்கும் அவருடைய காணிக்கும் இடையில் நீளமான மண்வாய்க்கால் ஒன்று கிடக்கிறது. முழுக்க மணல். தண்ணீர் வந்தால் முதலில் அந்த மணல் குடிக்கும். இரண்டு மணித்தியாலம் குடித்த பிறகுதான் வயலுக்குள் இறங்கும்.

முதல் முறை போனது. இரண்டாவது போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது முறை முடிந்த வியாழக்கிழமை காலை அமைப்புக் கட்டடத்துக்கு வந்தார். இரவு தண்ணீர் பாய்ச்சியவருக்கு முழங்கால்வரை சேறு இருந்திருக்க வேண்டும். காலில் புழுதிதான் இருந்தது.

"தங்கச்சி, எங்க பக்கம் தண்ணி வந்து சேரல்ல. வாசல்ல எட்டிப் பாத்துட்டு நின்னுடுது. நேரம் கொஞ்சம் காணாது போல."

நான் லப்டொப்பைத் திறந்து அவருக்குக் காட்டினேன். "அண்ணை, இஞ்ச பாருங்கோ. ஏக்கருக்கு எவ்வளவு எண்டு எல்லாருக்கும் ஒரே கணக்கு. ஒரு நிமிசம் கூட ஒருதருக்கும் கூடக் குறைய இல்லை. முந்தியைவிட இப்ப இன்னும் சரியாப் பிரிக்குது."

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். அவருக்கு அதில் என்ன தெரிந்திருக்கும்? எனக்கே தெரியவில்லை. "முன்னாடி ராத்திரி பத்து மணிக்கே எனக்கு வந்துடுமே," என்றார் மெதுவாக.

"அது பழைய கணக்கு அண்ணை."

"சரி தங்கச்சி," என்றார். போய்விட்டார்.

இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை எட்டு மணித்தியாலம் இருந்த ஒருவருக்கு எப்படி இரண்டே முக்கால் ஆனது என்று அப்போதாவது நான் கேட்டிருக்க வேண்டும். பத்து மணி என்று அவர் வாயால் சொன்னார். என் காதில் விழுந்தது. புதுப் பதிப்பைப் பிழை சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. நான் அதை மூன்று நாளாகக் கெஞ்சி ஓடவைத்தவள். பிழை என்று ஒன்று இருந்தால் சிவப்பு எழுத்தில் சொல்லியிருக்கும் என்று நம்பினேன்.

அடுத்த திங்கட்கிழமை தாங்கமுடியாமல் நானே கடைசிக் காணிக்குப் போனேன். மற்ற வயல்களில் பயிர் கதிர் தள்ளுகிற நேரம். பச்சை கண்ணைக் குத்தியது. மண்வாய்க்காலைத் தாண்டியதும் நிறம் மாறியது. நிலம் கைவிரல் போகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. பயிர் இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றது. அவருடைய மனைவி வரம்பில் நின்று வாளியால் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தா. இரண்டு ஏக்கருக்கு வாளித் தண்ணீர். என்னைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க, தேத்தண்ணி குடிப்பம்," என்றா.

நான் குடிக்கவில்லை. நேரே மச்சாள் வீட்டுக்குப் போனேன். லப்டொப்பை அவாவின் மேசையில் வைத்தேன். "முழுக்க வாசிச்சுப் பாருங்கோ மச்சாள். முதல் வரியில இருந்து," என்றேன்.

அவா விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு, பாடப்புத்தகம் வாசிப்பதுபோல வாசித்துக்கொண்டு போனா. பாதிக்கு மேல் வந்து நின்றா.

"இந்த வரி என்னத்துக்கு? எல்லாருக்கும் பிரிச்சுப்போட்டு, மிச்சத்தைக் கடைசி ஆளுக்குக் குடு எண்டு எழுதியிருக்கிறியள். மிச்சம்தான் ஒண்டும் இல்லையே இப்ப."

"ஏன் இல்லை?"

"ஏனெண்டா வகுக்கேக்க மிச்சம் விடாமல் எல்லாம் பிரிஞ்சு போயிடுதே." தன்னுடைய கொப்பியை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினா. பழைய பதிப்பில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணாகத்தான் வரும்; பின்னால் இருக்கும் அரை, முக்கால் எல்லாவற்றையும் வெட்டி விட்டுவிடும். புதுப் பதிப்பு வெட்டாது. வகுப்பில் இதை ஒரே நாளில், பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஏழை இரண்டால் வகுக்கிற சின்னக் கணக்கு ஒன்றைச் செய்து காட்டியிருக்கிறார்கள். வகுப்பில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லையாம். வகுத்தால் பின்னம் வரும்தானே, இதில் என்ன இருக்கிறது என்று அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்களாம்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முதல் நான் முதலில் ஓடவிட்டபோது கூட்டுத்தொகை நாற்பத்தெட்டு வரவில்லை, நாற்பத்திரண்டுதான் வந்தது. வெட்டுப்பட்ட துண்டுகள் எல்லாம் சேர்ந்து ஆறு மணித்தியாலம் மிச்சம். இதை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்து, மணல் வாய்க்காலை நினைத்து, கடைசிக் காணிக்குக் கொடு என்று ஒரு வரி எழுதினேன். அவருடைய இரண்டு மணித்தியாலத்தோடு சேர்த்து எட்டு. யாரிடமும் கேட்கவில்லை. அவர் கடைசிக் காணி, அவருக்குக் கூட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தபடியால் பட்டியலைப் பார்த்து எவரும் கேட்கவும் இல்லை. நான் எழுதினேன், நானே மறந்தேன். கொம்பியூட்டர்தான் பன்னிரண்டு வருடம் ஞாபகம் வைத்திருந்தது.

"இதுக்கு என்ன செய்யலாம்?" என்றேன்.

"ஒரு கோடு போட்டா வகுக்கிறது. ரெண்டு கோடு போட்டா பழையபடி வெட்டி வகுக்கும்." இன்னொரு சரிவுக் கோட்டை அடித்தா. ஓடவிட்டா. கடைசி வரியில் புதன் இரவு பத்து மணி. அவ்வளவுதான் வேலை. அவா எழும்பி அடுப்பைப் பார்க்கப் போனா. நான் அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

நான் அன்றைக்கே அந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டியிருக்கலாம். பன்னிரண்டு வருடம் எவரையும் கேளாமல் எதைச் செய்தேனோ அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் நடந்ததைச் சொல்லித்தான் மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். தலைவர் அண்ணை அன்று பின்னேரமே கூட்டம் கூட்டினார்.

நான் எழும்பி எல்லாவற்றையும் சொன்னேன். பிழை என்னுடையது என்றும் சொன்னேன். பிறகு மூன்றாவது காணிக்காரர், வயதில் மூத்தவர், கேட்டார்:

"அப்ப முந்தித்தானே பிழை, பிள்ளை? இவ்வளவு வருசமும் எங்கட தண்ணியிலதானே வெட்டிக் குடுத்திருக்கிறாய்? இப்பதானே சரியா வந்திருக்கு."

"அண்ணை, அவற்ற காணிக்கு மணல் வாய்க்கால்..."

"மணல் இருக்கட்டும். அந்த ஆறு மணித்தியாலத்துக்குக் கூட்டத்தில தீர்மானம் எடுத்ததோ? புத்தகத்தில இருக்கோ?"

இல்லை. அறிக்கைப் புத்தகம் என் மடியில்தான் இருந்தது. நான் எழுதாத ஒன்றைத் தேடி அதைப் புரட்டினேன்.

இன்னொருவர், "கதிர் வாற நேரம், இப்ப ஆரும் விட்டுக்குடுக்கேலாது. அடுத்த போகம் பாப்பம்," என்றார். அவரும் கெட்டவர் இல்லை. அவருடைய மூத்த மகளின் கலியாணத்துக்குக் கடைசிக் காணி அண்ணைதான் மூன்று நாள் நின்று பந்தல் போட்டவர்.

கடைசிக் காணி அண்ணை கதவடியில் மரவாங்கில் இருந்தார். தலைவர் அவரிடம், "நீர் என்ன சொல்லுறீர்?" என்று கேட்டார். அவர் எழும்பி நின்று, "கூட்டம் சொல்றபடி," என்றார். பழைய கணக்குக்குத் திரும்பலாம் என்பவர்கள் கையை உயர்த்தச் சொன்னார்கள். நான் உயர்த்தினேன். தலைவர் யோசித்து யோசித்து உயர்த்தினார். இன்னும் ஒருவர். அவ்வளவுதான், மூன்று கை. என் மனுசன் குனிந்து தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எங்கள் காணியும் இரண்டு ஏக்கர். எங்களுக்கும் நாற்பத்துநாலு நிமிடம் கூடக் கிடைத்திருந்தது.

வீட்டுக்கு வந்து அவரோடு நான் கதைக்கவில்லை. அடுத்த நாள் விடிய அவராகவே, "எங்கட முறையில ஒரு மணித்தியாலத்தை அவருக்கு விடுவம்," என்றார். விட்டோம். எங்கள் மடையை அடைத்துவிட்டுத் தண்ணீரைக் கீழே போகவிட்டோம். ஐந்தாவது காணிக்கும் பதினான்காவது காணிக்கும் இடையில் எட்டு மடைகள். எந்த மடை வழியே எவ்வளவு கசிந்தது என்று யாரைக் கேட்பது? கடைசிக் காணிக்குப் போனபோது அது மணலை நனைக்கிற அளவுக்குத்தான் இருந்தது. கதவைப் பூட்டுகிறவரிடம் வியாழக்கிழமை காலையில் போய் நின்று, இன்னும் இரண்டு மணித்தியாலம் விடச்சொல்லிக் கேட்டேன். "அக்கா, குள மட்டம் இறங்கிக்கொண்டு போகுது. ஒரு காணிக்காக நான் திறந்து வைக்கேலாது," என்றார். அவரோடு எனக்குச் சண்டை பிடிக்க ஒன்றும் இல்லை.

அறுவடைக்கு மெசின் வந்தபோது எங்கள் வயலை முடித்துவிட்டுக் கடைசிக் காணிக்கும் போனது. நான் போய் நின்றேன். மெசின் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. ஓட்டுகிறவர் இறங்கிக் கதிரைக் கையில் கசக்கி ஊதினார். கை வெறுமையாக இருந்தது. எல்லாம் பதர். "வெட்டத்தான் வேணுமோ அண்ணை?" என்று கேட்டார். அண்ணை கொஞ்சம் யோசித்து, "மாட்டுக்கு ஆகும், வெட்டுங்க," என்றார்.

மெசின் வெட்டுகிற நேரம் நாங்கள் இருவரும் வேலியோரம் நின்றோம். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அவர்தான் முதலில் கதைத்தார்.

"மூணு முறை நான் ஏன் வரல்லன்னா தங்கச்சி, நீங்க யோசிச்சுத்தான் குறைச்சிருப்பீங்கன்னு நெனைச்சேன். குளத்துல தண்ணி இல்ல, யாருக்காவது குறைக்கணும், கடைசில இருக்கறவனுக்குக் குறைச்சிருக்காங்கன்னு."

"நான் குறைக்கேல்ல அண்ணை."

"தெரியும். அந்த அக்கா சொன்னாங்க, கொம்பியூட்டர்ல புதுசா வந்ததுன்னு." மச்சாளைத்தான் சொன்னார். "அந்தப் புதுசு படிக்கக் கஷ்டமா?"

"புதுசாப் படிக்கிற ஆக்களுக்குச் சுகம் அண்ணை. ஒரு கிழமையில பிடிச்சிடுவினம்."

அவர் தலையை ஆட்டினார். நான் அழத்தொடங்கினேன். அவர் மெசின்காரருக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்த மனைவியைக் கூப்பிட்டு, "தங்கச்சிக்கு ஒரு கோப்பை கொடு," என்றார். இந்த முறை வாங்கிக் குடித்தேன்.

காலபோகம் மழையில் விளைந்தது. அதற்குப் பட்டியல் தேவைப்படவில்லை. செயலாளர் வேலையை விடுகிறேன் என்று கடிதம் கொடுத்தேன். வேறு ஆள் இல்லை என்று தலைவர் அண்ணை அதைத் திருப்பித் தந்துவிட்டார். புரோகிராமை மட்டும் மச்சாளிடம் கொடுத்தேன். அவா அதைப் புதுசாகவே எழுதினா. என்னுடையது அறுபது வரி, அவாவுடையது இருபத்திரண்டு. நானும் அவாவின் வகுப்புக்குப் போய்ப் பின்வரிசை வாங்கில் இருந்து பார்த்தேன். மூன்று நாள் போனேன். பாடம் விளங்காமல் இல்லை. ஒவ்வொரு புது வரியிலும் இது எங்கே சத்தமில்லாமல் மாறியிருக்கும் என்று தேடிக்கொண்டு இருந்ததில் மற்றவர்கள் இரண்டு பாடம் தாண்டிப் போய்விட்டார்கள்.

மாசியில் அடுத்த சிறுபோகக் கூட்டம் நடந்தது. மணல் வாய்க்காலைப் பற்றி நான் எழுதிக்கொண்டு போயிருந்தேன். வாசிக்கத் தேவை வரவில்லை. கடைசிக் காணி அண்ணை இந்தப் போகம் விதைக்கவில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். தண்ணீரூற்று என்கிற ஊர்ப்பக்கம் மேசன் வேலைக்குப் போகிறாராம்.

கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது மச்சாள் லப்டொப்பைத் திறந்தா. "அப்ப பதின்மூண்டு பேர்தானே?" என்று என்னைக் கேட்டா.

"அவற்ற பேர் இருக்கட்டுமே மச்சாள்."

"இருந்தா அவருக்கும் நேரம் ஒதுக்குமே. தண்ணி சும்மா மணலுக்குப் போகும்."

அவா சொன்னது சரி. "அப்ப எடுங்கோ," என்றேன். அவா அவருடைய பெயர் இருந்த கடைசி வரியை அழித்துவிட்டு ஓடவிட்டா. பிழை ஒன்றும் காட்டவில்லை. ஒவ்வொருவருக்கும் இன்னும் சில நிமிடங்கள் கூடி, பட்டியல் வியாழன் காலை சரியாக ஆறு மணிக்கு முடிந்தது. நான் அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன்.